விரதக் கேக்

மாடியப் பாத்தாச்சா? வாங்க, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க. படி கொஞ்சம் செங்குத்துதான். எங்க சார்வாள், அதான் என் வீட்டுக்காரவுக, கணக்கு வாத்தியாரா இருந்தாவ, இத்தனை படிதான் வரணும்னு கணக்குப் போட்டுக் கட்டினாவ, ஏறுதவளுக்கு முட்டி இருக்குன்னு கணக்குல சேக்கல. அவுக போயி ஆறு வருசம் ஆச்சு. படி மட்டும் அப்படியே இருக்கு.

தண்ணிக்குக் கஷ்டம் கெடையாது. காத்து வரும். கொசு கொஞ்சம் வரும், அது பாளையங்கோட்டையில எல்லா வீட்டுக்கும் வருதது. துணி காயப்போடக் கொடி இருக்கு. ஒரே ஒரு கண்டிசன்தான். முட்டை வாசப்படி தாண்டக் கூடாது. கறி, மீன் நான் சொல்லல, அது உங்களப் பாத்தாலே தெரியுது, அதெல்லாம் கெடையாதுன்னு. நான் சொல்லுதது முட்டை. ஒண்ணு கூடக் கூடாது. தலைக்குத் தேய்க்கக்கூடக் கூடாது.

சிரிக்கியளா? சிரிங்க. இதுக்கு முன்னால இப்படியெல்லாம் நான் சொன்னதே கெடையாது. வடிவுன்னு ஒருத்தி மாடியில இருந்தா. அவ பண்ணின காரியத்துக்குப் பெறவுதான் இந்தக் கண்டிசன். நாலு மாசமா மாடி பூட்டிக் கெடக்கு. என்ன நடந்துதுன்னு தெரியாம நீங்க குடி வரக்கூடாது. சொல்லுதேன். சொல்லிட்டுக் காப்பி போடுதேன்.

சங்கரவடிவு. ஸ்கூல் டீச்சர். புருசன் கப்பல்ல. ஆறு மாசம் கடல்ல இருப்பான், ரெண்டு மாசம் கரையில இருப்பான். பிள்ளை இல்ல இன்னும். நம்மாளுகதான். அத விசாரிக்காம நான் குடி வைப்பனா? அப்பா ஊரு, தாத்தா பேரு, அம்மைக்கு எந்தத் தெரு, சித்திய எங்க குடுத்திருக்கு, எல்லாம் கேட்டுட்டுத்தான் சாவியக் குடுத்தேன். சாப்பாட்டப் பத்திக் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? நம்மாளுகன்னா அதுலயே எல்லாம் அடங்கிருச்சுல்லா.

நல்ல பிள்ளைதான். அத மறைக்கக் கூடாது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா மாடிக்குப் போக மாட்டா. "அத்தை"ன்னு உள்ள வந்து, என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுட்டுத்தான் போவா. கனடாவுல இருக்க என் மகளுக்குப் போன் போட்டு மூஞ்சியத் தெரிய வைப்பா. எனக்கு அந்தப் போன்ல எங்க அமுக்கினா யாரு வருவான்னு தெரியாது. ஒரு நாளு நானா அமுக்கினேன், கேஸ் கம்பெனிக்காரன் வந்தான்.

அவளுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, கோதுமை எது வயித்துல எறங்கினாலும் மூணு நாளு படுக்கைதான். டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. ஆனா கேக்குன்னா அவளுக்கு உசுரு. கடைக் கேக்கத் திங்க முடியாதுல்லா? அதனால ஒரு ஓவன் வாங்கி வச்சு வீட்டுலயே செய்வா. மாவே போடாத சாக்லேட் கேக்கு. அப்படி ஒண்ணு உலகத்துல இருக்குன்னே எனக்கு அதுக்கு முன்னால தெரியாது.

போன ஆடியில, சஷ்டி அன்னைக்கு. நான் விரதம். பாலும் ரெண்டு வாழப்பழமும் சாப்பிட்டுட்டு இந்தா இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். மாடியிலேர்ந்து ஒரு வாசனை. படி வழியா எறங்கி வந்து முன்னால நிக்குது. கண்ண மூடினேன், சாமி பேரச் சொன்னேன், போகல. கொஞ்ச நேரத்துல வடிவே ஒரு தட்டோட வந்துட்டா. "அத்தை, இன்னைக்கு உங்களுக்கு விரதம்லா. மூடி வைக்கேன், நாளைக்குச் சாப்பிடுங்க"ன்னா.

நான் கேட்டேன், "ஏட்டி, இதுல என்ன மாவு?"

"மாவே கெடையாது அத்தை."

"அரிசி மாவு?"

"எந்த மாவும் கெடையாது."

"பின்ன என்னதான் இருக்கு?"

"சாக்லேட், வெண்ணெய், சக்கரை. அப்புறம் அத்தை, இதுல..."

"போதும்"னேன். நீங்களே யோசிச்சுப் பாருங்க. விரதத்துக்கு என்ன கூடாது? அரிசி கூடாது, தானியம் கூடாது. பால் ஆகும், பழம் ஆகும். வெண்ணெய் எங்கேர்ந்து வருது? பாலுலேர்ந்து. சக்கரை கரும்புலேர்ந்து. சாக்லேட்? அது ஒரு மரத்துல காய்க்குத பழம், அத ஒடச்சு உள்ள இருக்க கொட்டைய அரைச்சுச் செய்யுதாவ, இத வடிவேதான் ஒரு நாளு எனக்குப் படம் போட்டுக் காட்டினா. அப்பம் அந்தக் கேக்கு என்ன? பாலும் பழமும்தான. நான் வேற எதச் சாப்பிட்டேன்?

ஒரு துண்டு எடுத்து வாயில வச்சேன். அல்வா ஊர்ல பொறந்து வளந்த நாக்கு இது. லேசுல மயங்காது. மயங்கிட்டு.

அன்னையிலேர்ந்து சஷ்டிக்கு ஒண்ணு, கிருத்திகைக்கு ஒண்ணு. வடிவு இன்னும் ரெண்டு தடவ, "அத்தை, அந்தக் கேக்குல ஒண்ணு இருக்கு, நான் உங்ககிட்ட சொல்லியே ஆகணும்"னு ஆரம்பிச்சா. நான் விடல. ஒருத்தி கைப்பக்குவத்தத் தோண்டித் தோண்டிக் கேக்குதது நாகரிகம் இல்லல்லா? "உன் ரகசியம் உன்கூடவே இருக்கட்டும் தாயி"ன்னுட்டேன். எனக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு.

நீங்க கேக்கலாம், உனக்கு ஒரு சந்தேகமும் வரலியான்னு. எப்படி வரும்? மாடியில ரோசாச் செடி மூட்டுல முட்டை ஓடு கெடக்கும். செடிக்கு உரம்னு எங்கயோ வாங்கிட்டு வந்து போடுதான்னு நினைச்சேன். படிச்ச பிள்ளைக அப்படித்தான செய்யுதாவ. சனிக்கிழமை கடைக்காரன் ஒரு அட்டையப் பேப்பர்ல சுத்திக் கொண்டாருவான், குழி குழியா இருக்கும். என்ன ஏதுன்னு நான் கேக்கல. குடியிருக்கவ வாங்குத சாமான வீட்டுக்காரி எட்டிப் பாக்கக் கூடாது. மத்தபடி அவ என்ன சோப்பு போடுதா, எத்தனை லிட்டர் பால் வாங்குதா, புருசன் அனுப்புன பெட்டியில என்ன வந்துது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்த அட்டை மட்டும் தெரியாது.

இப்பம் எங்க குழுவப் பத்திச் சொல்லணும். சஷ்டிப் பாராயணக் குழு. பன்னெண்டு பேரு. நான்தான் தலைவி. ஒன்பது வருசமா நான்தான். சுந்தரி மதனின்னு ஒருத்தவுக இருக்காவ, ரெண்டு தெரு தள்ளி. அவுகளுக்கு ரெண்டு வருசமா அந்த இடத்து மேல கண்ணு. குரல் நல்லா இருக்கும், அது போதுமா? ஒழுங்கு வேணும்லா. என் குழுவுல ஒழுங்குன்னா ஒழுங்கு. லோகநாயகின்னு ஒருத்தி முந்தின வருசம் சுண்டலுக்குப் பெருங்காயம் போட்டுக் கொண்டாந்தா. நான் அந்தப் பெருங்காய டப்பாவ வாங்கி, கண்ணாடி போட்டு, பின்னால பொடி எழுத்துல இருக்கதப் படிச்சேன். மைதா கலந்திருக்குன்னு போட்டிருக்கு. மைதா! விரதத்துல! மூணு மாசம் பாராயணத்துப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அழுதா. அழுதா அழட்டும். தெரியாமத் தின்னாலும் தப்பு தப்புதான்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்.

அந்தக் குழுவுக்கு ஆவணி சஷ்டியில கேக்கக் கொண்டு போயி வச்சேன். யாரு செஞ்சதுன்னு கேட்டாவ. "நம்ம வீட்டுல செஞ்சது"ன்னேன். பொய்யா? மாடியும் நம்ம வீடுதான. தாளிக்கல, மாவு இல்ல, பாலும் பழமும்னு விளக்கிச் சொன்னேன். சுந்தரி மதனி மொதல்ல மூக்கச் சுளிச்சாவ. பெறவு ஒரு துண்டு. பெறவு, "அந்த ஓரத்துத் துண்டு யாருக்கும் இல்லியே?" சுகர் மாத்திரை போடுதவுக, மூணு துண்டு சாப்பிட்டாவ. விரதக் கேக்குன்னு பேரு வச்சதும் அவுகதான். அன்னைக்கு ராகம் எல்லாம் அப்படி ஒண்ணு போல வந்துது.

அடுத்த விரதத்துக்கு ஒரு கேக்கு பத்தல. வடிவுகிட்ட, "ரெண்டா செய்யி"ன்னேன். "சரி அத்தை"ன்னா. ஸ்கூல்ல நாளெல்லாம் நின்னுட்டு வருவா, வந்து ரெண்டு கேக்கு செய்வா. நான் வெண்ணெய் வாங்கிக் குடுத்தேன், சும்மா சொல்லக் கூடாது. புரட்டாசியில மூணு கேக்கு ஆச்சு. குழுவுல யாரும் விரதத்துக்கு வராம இருக்கல. ஒன்பது வருசத்துல அப்படி ஒரு வருகைய நான் பாத்ததில்ல. பக்தி பெருகிட்டுன்னுதான் நான் நினைச்சேன்.

எல்லாம் ஐப்பசியில கெட்டுது. கந்த சஷ்டிக்கு ஒரு வாரம் முன்னால சுந்தரி மதனி எல்லாரு முன்னாலயும் கேக்காவ, "மங்கையர்க்கரசி, ஆறு நாளு விரதம் வருது. தினமும் நீங்களே செஞ்சு குடுக்க முடியுமா? எங்களுக்குச் செஞ்சு காட்டுங்க, நாங்களும் கத்துக்கிடுதோம்." சொல்லிட்டு ஒரு சிரிப்பு. எனக்குச் செய்யத் தெரியாதுன்னு அவுகளுக்குச் சந்தேகம். "ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னுட்டேன். வேற என்ன சொல்ல? தலைவின்னா பின்வாங்க முடியுமா?

மாடிக்கு ஓடினேன். முட்டி வலி எல்லாம் எங்க போச்சோ. "ஏட்டி வடிவு, எனக்கு இத இப்பவே கத்துக் குடு"ன்னேன்.

அவ ஒரு நிமிசம் என்னயப் பாத்தா. "சரி, வாங்க"ன்னு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு சட்டியில தண்ணி கொதிக்குது, அது மேல இன்னொரு பாத்திரம், அதுல வெண்ணெயும் சாக்லேட்டும். நேரா தீயில வைக்கக் கூடாதாம், ஆவிப் பட்டே உருகணுமாம். அது நல்லாத்தான் வந்துது. மினுமினுன்னு உருகி, ஒரு கரண்டிய விட்டு எடுத்தா நாடா மாதிரி எறங்குது. நானே கிண்டினேன். பெறவு அவ ஃப்ரிட்ஜத் தொறந்தா. "அத்தை, இப்ப ஆறு..."ன்னு ஆரம்பிச்சா.

"இரு"ன்னேன். எதிர்ச் சுவத்துல முருகன் காலண்டர் தொங்குது. அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு கண்ண மூடிட்டேன். "உன் வேலைய முடி. நான் சாமி கும்பிடுதேன்"ன்னேன்.

டக். டக்குன்னு பாத்திர விளிம்புல ஒண்ணு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. நான் மனசுக்குள்ள எண்ணினேன், எண்ணக் கூடாதுன்னுதான் நினைச்சேன், வாத்தியார் வீட்டுக்கு வாக்கப்பட்டவ, எண்ணாம இருக்க முடியல. ஆறு. முருகனுக்கும் முகம் ஆறுதான. எனக்கு உடம்பு சிலுத்துட்டு. அதுவே ஒரு உத்தரவு மாதிரி இருந்துது.

கண்ணத் தொறந்தா, ஒரு பாத்திரத்துல மஞ்சளா ஒண்ணு, இன்னொண்ணுல தண்ணி மாதிரி ஒண்ணு. ஓடு ஒண்ணும் காணல, நல்ல பிள்ளை, எடுத்து ஒளிச்சிட்டா. தண்ணியில மிசினப் போட்டு அடிச்சா பாருங்க, அஞ்சு நிமிசத்துல அது வெள்ளவெளேர்னு நுரையாப் பொங்கிட்டு. பாத்திரத்தத் தலைக்கு மேல கவுத்துக் காட்டினா. ஒரு சொட்டு விழல. "இந்தப் பதம்தான் அத்தை முக்கியம். மாவு செய்யுத வேலைய இது செய்யும்"ன்னா.

பெறவு கேட்டா, "அத்தை, இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"நுரை"ன்னேன்.

சிரிச்சா. நானும் சிரிச்சேன். பெறவு அவ சிரிக்கல. "யாராவது எங்கிட்ட வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் அத்தை. எனக்கு வராது"ன்னா. "உங்கிட்ட யாருட்டி வந்து கேக்கப் போறா"ன்னேன்.

மஞ்சள்ல சக்கரையப் போட்டு அடிச்சு, சாக்லேட்ட ஊத்தி, கடைசியில நுரையச் சேக்கணும். கலக்கக் கூடாது. கலக்கினா நுரை செத்துரும். அடியிலேர்ந்து அள்ளி மேல போட்டு, சேலை மடிக்க மாதிரி மடிச்சு மடிச்சுச் சேக்கணும். அது என் கைக்கு ஒடனே வந்துட்டு. வடிவே சொன்னா, "என்னைய விட உங்க கை மெதுவா இருக்கு அத்தை"ன்னு. ஓவன்ல வச்சு முக்கால் மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால தரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தோம். புஸ்ஸுன்னு எந்திரிச்சு வந்துது. வெளிய எடுத்து வச்சதும் நடு வயிறு அப்படியே உள்ள போயி, மேல வெடிச்சு, உக்காந்துட்டு. நான் அய்யோன்னு கத்திட்டேன். அவ என் தோளத் தொட்டு, "அது உக்காரத்தான் செய்யும் அத்தை. தாங்கிப் பிடிக்க மாவு இல்லல்லா. ருசி அந்தக் குழியிலதான் இருக்கும்"ன்னா. அன்னைக்கு நல்லா இருந்துது. எதுக்கு மறைக்கணும், நான் ரொம்ப சந்தோசமா இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை பதினோரு பேரும் வந்துட்டாவ. நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தேன். நுரையையும் மஞ்சளையும் வடிவு மாடியிலயே செஞ்சு, தட்டு போட்டு மூடிக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டா. மிச்சத்த நான் செஞ்சேன். என்ன மடிப்பு மடிச்சேங்கிய! எல்லாரும் வாயத் தொறந்து பாத்தாவ. சுந்தரி மதனி ஒரு நோட்டு கொண்டாந்திருந்தாவ. எழுதிக்கிட்டே, "நுரைன்னா எதுல எடுத்த நுரை?"ன்னாவ.

"பால் நுரை."

என் வாயிலேர்ந்து எப்படி வந்துதுன்னு எனக்கே தெரியல.

"மஞ்சளா இருக்கே, அது?"

"குங்குமப்பூ."

எழுதிக்கிட்டாவ. பதினோரு பேரும் எழுதிக்கிட்டாவ.

கந்த சஷ்டி மொத நாளு. பதினோரு வீட்டுலயும் பால நுரைக்க அடிச்சு, குங்குமப்பூவப் போட்டு, சாக்லேட்ட ஊத்தி ஓவன்லயும் குக்கர்லயும் வச்சிருக்காவ. பதினோரு வீட்டுலயும் கூழு. லோகநாயகி வீட்டுல குக்கர் மூடி வழியா வழிஞ்சு கேஸ் அடுப்பே அணைஞ்சு போச்சாம். சுந்தரி மதனி எல்லாருக்கும் போன் போட்டு, "வேணும்னே ஒரு சாமான மறைச்சிட்டா. தனக்கு மட்டும்தான் வரணும்னு நினைக்கா, இவளாம் ஒரு தலைவி"ன்னு சொல்லியிருக்காவ. நான்! மறைச்சேனாம்! எனக்கு அப்படி ஒரு வருத்தம்.

மறு நாளு சாயங்காலம் படையோட வந்துட்டாவ. எங்கிட்ட கேக்கல. ஞாயித்துக்கிழமை வடிவு மூடிக் கொண்டாந்தத அவுக கவனிச்சிருக்காவ போல. சுந்தரி மதனி நேரா படியில ஏறுதாவ. "மதனி, மாடியில என்ன வேலை?"ன்னு பின்னாலயே நான் ஓடுதேன். வடிவு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. மதனி வாசல்ல நின்னே கேட்டாவ, "அந்தக் கேக்குல என்னம்மா போடுதீங்க?"

வடிவு எல்லாரயும் பாத்தா. எல்லாருக்கும் பின்னால, கடைசிப் படியில நிக்க என்னயப் பாத்தா. நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யல. தலைய லேசா ஆட்டினேன்னு நினைக்கேன். அவ பேனாவ மூடி வச்சிட்டுச் சொன்னா, "ஆறு முட்டை."

பதினோரு பேரும் வயித்து மேல கைய வச்சுக்கிட்டாவ. ஆவணி, புரட்டாசி, எத்தனை சஷ்டி, எத்தனை கிருத்திகை, ஆளுக்கு எத்தனை துண்டு, எல்லாரும் மனசுல ஓட்டிப் பாத்தாவ போல. பெறவு சுந்தரி மதனி மெதுவாத் திரும்பினாவ. "மங்கையர்க்கரசி, இது உங்களுக்குத் தெரியுமா?"

ஒன்பது வருசம், தாயி. பெருங்காயத்துக்கு ஒருத்திய வெளிய நிறுத்தினவ நான். அந்த லோகநாயகி அங்கனயே நிக்கா, எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு. எனக்கு வேற என்ன வழி? நெஞ்சுல அடிச்சேன். "அடி பாதகத்தி! நம்ம ஆளுன்னு நம்பித்தான வீட்டக் குடுத்தேன். என் விரதத்தக் கெடுத்திட்டியே! எல்லாரு வயித்துலயும் பாவத்தக் கொட்டிட்டியே!" சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துட்டு. நெசமான அழுகை. அப்படி அழுதா அது பொய்யா இருக்க முடியுமா?

வடிவு எந்திரிச்சா. பொய் சொல்ல வராதுன்னு சொன்னவ, கேளுங்க, அத்தனை பேரு முன்னாலயும் நிதானமாச் சொல்லுதா, "அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. அவுக மேல தப்பு கெடையாது. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

சுந்தரி மதனி விடல. "இன்னும் இவள வீட்டுல வச்சிருக்கப் போறீங்களா?"ன்னாவ. நான் பத்து நாளு குடுத்தேன், வேற யாரா இருந்தாலும் அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய வச்சிருப்பா. அவ எட்டு நாள்ல போயிட்டா. ரெண்டு நாளு பாக்கி இருக்கும்போதே போறா, அவ்வளவு திமிரு. போற அன்னைக்குக் காலையில வந்து எப்பவும் போல கண்ணுக்கு மருந்து விட்டா. நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். மருந்து விட்டா மூடிக்கத்தான வேணும். தொறக்கும்போது அவ இல்ல.

பெறவு பன்னெண்டு பேரும் வேன் பிடிச்சு ஆத்துக்குப் போயி, ஆளுக்கு ஆறு முங்கு முங்கினோம். அதோட பாவம் போச்சு. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல. நான்தான் இன்னும் தலைவி. கேக்கு கெடையாது, பழயபடி வாழப்பழம். சஷ்டிக்கு எட்டு பேரு வாராவ, கிருத்திகைக்கு ஆறு. மிச்சப் பேருக்குப் பெருமாள்புரத்துல வேலை இருக்காம். அங்கன ஒரு தையக்காரி நல்லாத் தைக்காளாம். வடிவு பெருமாள்புரத்துலதான் வீடு பாத்திருக்கா. போன வாரம் சுந்தரி மதனி அங்கன தைக்கக் குடுத்த ஜாக்கெட்ட வாங்கிட்டு நேரா இங்கன வந்தாவ. வாய் ஓரத்துல கறுப்பா ஒட்டியிருந்துது. நான் ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் அந்தப் பெருந்தன்மை உண்டுல்லா.

எனக்கு என்ன ஆத்திரம்னா, அவ ஏன் அப்படிச் சொன்னா? "அத்தைக்குத் தெரியும், சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னாவ"ன்னு போட்டு ஒடச்சிருக்கலாம்லா? நானும் நல்லா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டா பெறவு ஒரு நாளு பேசிக்கிடலாம். அவ என்னயக் காப்பாத்திட்டுப் போயிட்டா. காப்பாத்துனவகிட்ட போயி என்னன்னு பேச? இப்பம் நானேதான் மருந்து விட்டுக்கிடுதேன். பாதி கன்னத்துல போகுது. இந்தா, இப்பமும் வழியுது பாருங்க. மருந்துதான்.

சரி, அத விடுங்க. நீங்க எப்பம் பால் காய்ச்ச வாரிய? ஆமா, கேக்கவே மறந்துட்டேன், வாசல்ல நான் போர்டு கூட வைக்கலியே. வீடு காலியா இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

எந்த ஸ்கூலு?

அங்கனயா? அப்பம் உங்களுக்கு...

அவளா அனுப்புனா?

என்ன சொன்னா? இல்ல, அப்படியே சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே. "நல்ல வீடு. அத்தை மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டாவ. பேச ஆரம்பிச்சா குறுக்க பேசாமக் கேளுங்க, அவுகளுக்குப் பேச ஆளு கெடையாது"ன்னா?

அதான் இவ்வளவு நேரம் வாயத் தொறக்காம உக்காந்திருந்தியளா?

இருங்க. காப்பி போடல நான் இன்னும். உக்காருங்க, எந்திரிக்காதிய. நான் இப்பம் சொன்னதெல்லாம் அவகிட்ட போயிச் சொல்லிராதிய.

இல்ல. சொல்லுங்க. அத்தைக்குத் தெரியும்னு சொல்லுங்க. மொத நாள்லேர்ந்தே, மொதத் துண்டு வாயில போகுததுக்கு முன்னாலயே தெரியும். அது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் அத்தையே சொன்னாவன்னு சொல்லுங்க. நாளைக்கு ஸ்கூலுக்குப் போனதும் மொத வேலையாச் சொல்லிருங்க, என்ன? சுந்தரி மதனி காதுக்கு மட்டும் போயிரக் கூடாது. வார கிருத்திகைக்குத்தான் தலைவி தேர்தல் வச்சிருக்காவ.